வழியெல்லாம் அன்னதானம் இருக்கும்போது போசி எதுக்கு?



தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற எல்லாக் குழுவிலும் ஏதாவது ஒரு வருஷம் இந்தக் கேள்வி வந்தே தீரும். எங்க குழுவில் 2024-ல் வந்தது. கேட்டது காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு சாமி. "குருசாமி, ரோடு முழுக்க சோறு போடறாங்க. நாம எதுக்கு இந்தப் போசியக் கட்டி இழுத்துட்டுப் போறோம்?"

நியாயமான கேள்விதான். கோயம்புத்தூர்ல இருந்து பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழியா பழனி சுமார் 105 கிலோமீட்டர். தை மாசம் அந்த ரோட்டுல நடந்தா பசிக்கிறதுக்கே நேரம் தர மாட்டாங்க. இங்க பொங்கல், கொஞ்சம் தள்ளி தக்காளி சாதம், அதுக்கப்புறம் மோர், சுக்கு காபி. "சாமி, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க சாமி"ன்னு கையப் புடிச்சு இழுப்பாங்க. பழனி போய்ச் சேர்ந்தா மலைக்கோயில்லயும் நாள் முழுக்க அன்னதானம். இவ்வளவுக்கும் நடுவுல நாங்க 11 பேர், ஒரு பழைய சைக்கிள்ல அலுமினியப் போசி, அரிசி மூட்டை, பருப்பு, சின்ன வெங்காயம் எல்லாம் கட்டி, மாத்தி மாத்தி தள்ளிட்டுப் போறோம். என் வேலையோட பாஷையில சொன்னா, ரெடியா ஒரு சர்வீஸ் ஓடிட்டு இருக்கும்போது நாமளே தனியா ஒண்ணு ஹோஸ்ட் பண்ற கதை. கோட் ரிவ்யூவில் இப்படி ஒண்ணு வந்தா நான் அப்ரூவ் பண்ண மாட்டேன்.

ஆனா யோசிச்சுப் பார்த்தா இது சைக்கிள்ல எவ்வளவு வெயிட்ங்கிற கேள்வி மட்டும் இல்ல. ஒருத்தர் போடற சோத்தை நாம எந்தத் தகுதியில சாப்பிடறோம்? சம்பளம் வாங்கறவன் சாப்பிடலாமா? வேலை போனவன் சாப்பிடலாமா? எதுவும் செய்யாம உக்காந்து சாப்பிடறது தப்பா? அந்த நாலு நாள்ல என் மண்டைக்குள்ள ஓடினது இதுதான். அதைத்தான் எழுதறேன்.

முதல்ல போசியப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். வெளியூர்க்காரங்களுக்கு: எங்க கோயம்புத்தூர்ப் பக்கம் பாத்திரத்தைப் போசின்னுதான் சொல்வோம். எங்களோடது குருசாமி வீட்டுப் போசி. அவர் லேத் பட்டறையில் டர்னரா இருந்து ரிட்டயர் ஆனவர். கைப்பிடி கிடையாது, ரிவெட் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது. வாய்ப்பக்கம் விளிம்பை வெளியில சுருட்டி விட்டிருக்கும், துணி போட்டுப் புடிக்கலாம். உடம்பெல்லாம் நெளிசல். ஒவ்வொரு வருஷமும் யாராவது கீழ போடுவாங்க, அவர் மரச்சுத்தியால உள்பக்கமா தட்டி எடுத்துடுவார். "உடையறதுக்கு இதுல என்ன இருக்குது?"ன்னு கேப்பார். உண்மையிலேயே எதுவும் இல்ல. எது இல்லையோ அது கெட்டுப் போகாதுன்னு எங்க ஆபீஸ்ல ஆர்க்கிடெக்ட் ஒருத்தர் சொல்வார். அவர் சாஃப்ட்வேரைச் சொன்னார். போசிக்கும் பொருந்துது.

எங்க டீம்ல ட்ரெக்கிங் போறவங்க டைட்டானியம் பாத்திரம் வாங்கி வெச்சிருக்காங்க, ஆயிரக்கணக்குல விலை. டைட்டானியம் ரொம்ப ஸ்ட்ராங், மெல்லிசா அடிக்கலாம், முதுகுல தூக்க நல்லது. ஆனா சூட்டைப் பரவலாக் கடத்தாது. தண்ணி கொதிக்க வெக்க ஓகே, சோறு ஆக்கினா ஜுவாலை படற இடத்துல மட்டும் அடிப்புடிக்கும். எவர்சில்வரும் அப்படித்தான். அலுமினியத்தோட வெப்பக் கடத்தல் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல. எடை பார்த்தா அதே அளவு எவர்சில்வர்ல மூணுல ஒரு பங்கு. விறகு அடுப்புல ஜுவாலை ஒரு பக்கமா சாயும், காத்து மாறும். அதுக்கு அலுமினியம்தான் சரி. ஒரே விஷயம், புளி, எலுமிச்சை சேர்த்ததை அதுல ராத்திரி முழுக்க வெக்கக் கூடாது, புளிப்பு உலோகத்தை அரிக்கும். பித்தளைக்கும் அதே பிரச்சினைதான், அதனாலதான் உள்ள ஈயம் பூசறாங்க.

அடுப்பு மூணு கல்லுதான். நாலு இல்ல. மேடு பள்ளமான தரையில நாலு கால் ஆடும், மூணு கால் ஆடவே ஆடாது. மூணு புள்ளி இருந்தா ஒரு தளம் முடிவாயிடுச்சுன்னு முதல் வருஷ ஜியோமெட்ரியில படிச்சதை, குருசாமி ஸ்கேல் இல்லாம செய்வார். அடுப்புல ஏத்தறதுக்கு முன்னாடி போசியோட அடியிலயும் பக்கத்துலயும் ஈரமண்ணைக் குழைச்சுப் பூசிடணும். கரியெல்லாம் மண்ணுல ஒட்டிக்கும், கழுவும்போது மண்ணோட போயிடும். இது தெரியாத குழுக்கள் காலையில போசி தேய்க்கிற நேரத்துல நாங்க 4 கிலோமீட்டர் நடந்திருப்போம்.

ஆக்கறது எங்க ஊர் அரிசிம்பருப்பு சாதம். மூணு பங்கு அரிசி, ஒரு பங்கு துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு, மஞ்சள். ஒரே போசி, வடிக்க வேண்டாம், குழம்பு வேண்டாம். விரதத்துல வெங்காயம் பூண்டு சேர்க்காதவங்க சீரகம் மிளகோட நிறுத்திக்கலாம், ருசி ஒண்ணும் குறையாது. முடிஞ்சதும் தண்ணி ஊத்தி நெருப்பை முழுசா அணைச்சு, கல்லைப் பிரிச்சுப் போட்டுட்டுத்தான் தூங்கணும். காட்டுப் பக்கம் அடுப்பே கூடாது. குரங்கணி மலையில 2018-ல நடந்ததை நாம மறந்துடக் கூடாது. எங்க அடுப்பு எப்பவும் ரோட்டோரத் தோட்டத்துல, தோட்டக்காரர் கிட்ட கேட்டுட்டுத்தான்.

இப்ப அந்தக் கேள்விக்கு வர்றேன். குருசாமி லெக்சர் எல்லாம் கொடுக்கறவர் இல்ல. அந்தக் காலேஜ் சாமிக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "காலைல வாங்கோணும் சாமி. ராத்திரி ஆக்கோணும்."

எங்க குழுவோட சட்டமே அதுதான். காலையும் மதியமும் வழியில எங்க கூப்பிட்டாலும் மறுக்காம வாங்கிச் சாப்பிடணும். ராத்திரி நாங்களே ஆக்கணும், ஆக்கும்போது எங்களுக்கு வேணும்கிறதைவிட ரெண்டு ஆழாக்கு சேர்த்துப் போடணும். யாராவது வருவாங்க. வராத நாள் கிடையாது. தனியா நடக்கிற பெரியவர், காலு வீங்கி குழுவை விட்டுப் பின்தங்கினவங்க, சில சமயம் சும்மா லாரி நிறுத்திட்டு வர்ற டிரைவர். சைக்கிள்ல போசி தெரிஞ்சா வருவாங்க. போசி இல்லாதவன் கிட்ட யாரும் சோறு கேட்டு வர மாட்டாங்கல்ல? கேட்டுட்டு வர்றதுக்கு ஒரு அடையாளமா அது அங்க இருக்கு.

சரி, அழகா இருக்கு, இதோட முடிச்சிருக்கலாம். ஆனா அந்த வருஷம் எங்களோட என் ரூம்மேட்டும் வந்திருந்தான்.

நாங்க ரெண்டு பேரும் சரவணம்பட்டியில ஒரே வீட்டுல வாடகைக்கு இருந்தோம். 2023 கடைசியில அவனுக்கு வேலை போச்சு. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மீட்டிங், சாயங்காலம் லேப்டாப்பைத் திருப்பிக் குடுத்தாச்சு. அவன் மேல தப்பு எதுவும் கிடையாது, அவன் டீமையே மூடினாங்க. அடுத்த மாசம் வாடகையில அவன் பங்கை நான் கட்டறேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டான். ஹாஸ்டலுக்கு மாறிடறேன்னு கிளம்பினான். வீட்டுல மெஸ் சாப்பாடு வாங்கி வெச்சா, எனக்குப் பசியில்லடான்னு பிரெட் வாங்கிட்டு வந்து தின்னுட்டு இருப்பான். ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு இதைப் பாக்கறது எவ்வளவு கஷ்டம்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

பாத யாத்திரைக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். மாலை போட்டான், விரதம் இருந்தான், எல்லாம் சரி. ஆனா ரோட்டுல அன்னதானப் பந்தல் பக்கத்துலயே டீக்கடை இருந்தா டீக்கடைக்குப் போவான். காசு குடுத்து ரெண்டு பன் வாங்கித் தின்பான். கையில இருந்ததே கொஞ்சம். நான் கேட்டேன். "அவங்க பக்தர்களுக்குப் போடறாங்கடா. நான் வேண்டுதலுக்கு வந்திருக்கேன், வேலை வேணும்னு. இதுல ஓசில வேற சாப்பிடணுமா?"ன்னான். ராத்திரி போசிச் சோறு மட்டும் சாப்பிட்டான். ஏன்னா வெங்காயம் உரிக்கிற வேலைய அவனே எடுத்துக்கிட்டான். ஒன்றரைக் கிலோ சின்ன வெங்காயம், ஒருத்தனே. கண்ணெல்லாம் சிவந்து போயிடும், யாரையும் சேர்த்துக்க மாட்டான். கூலி வேலை செஞ்சு சாப்பிடற மாதிரி ஒரு கணக்கு அவன் மனசுல.

நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு, பாத்திரமறிந்து பிச்சையிடுன்னு. பாத்திரம்னா அங்க சமையல் பாத்திரம் இல்ல, தகுதி உள்ளவன், வாங்கறதுக்கு உரியவன். ஒரே சொல்லு ரெண்டுக்கும். ஒருத்தருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஆளைப் பாருன்னு அர்த்தம். கடன் கொடுக்க, பொறுப்பு கொடுக்க, இது நல்ல அறிவுரை, நான் மறுக்கல. எங்க வேலையில யாருக்கு எந்த ஆக்சஸ் குடுக்கணும்னு பாத்துப் பாத்துத்தான் குடுப்போம். ஆனா சோத்துக்கு இதைக் கொண்டு வரலாமா?

தைப்பூச ரோட்டுல நடக்கிற அன்னதானத்துல நான் கவனிச்சது, யாரும் பாத்திரம் அறியறதே இல்ல. வரிசையில ஐடிக்காரன் நிக்கிறான், கூலிக்குப் போறவர் நிக்கிறார், பச்சை வேட்டி கட்டாம சும்மா ரோட்டுல போறவர் நிக்கிறார், வாடை வர்ற ஒருத்தர்கூட நிக்கிறார். எல்லாருக்கும் ஒரே கரண்டி. கேள்வி ஒண்ணே ஒண்ணு: "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" கோயில்கள்ல 2002-ல இருந்து அரசு நடத்தற மதிய அன்னதானத்துலயும் அப்படித்தான், பந்தியில உக்காந்தா இலை வரும். வெளிய நம்ம வாழ்க்கையில ஸ்கூல் அட்மிஷன்ல இருந்து அப்ரைசல் வரைக்கும் எல்லா இடத்துலயும் உன் தகுதி என்னன்னு கேக்கறாங்க. கேக்காத இடம் அந்தப் பந்தி ஒண்ணுதான். அங்க போய் நின்னுக்கிட்டு, யாருமே கேக்காத கேள்விய என் ரூம்மேட் தன்னைத்தானே கேட்டு, தன்னையே ஃபெயில் போட்டுக்கிட்டான். வேலைய விட்டு எடுத்தவங்க ஒரு தடவைதான் எடுத்தாங்க. இவன் ஒவ்வொரு பந்தல்லயும் தன்னை ஒரு தடவை எடுத்துக்கிட்டே வந்தான்.

இதுல அவனை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. நம்மில் பாதிப் பேருக்கு இது இருக்கு. கொடுக்கறதுன்னா முன்னாடி நிப்போம், ஜிபே பண்ணுவோம், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை எடுத்துக் கொடுப்போம், போட்டோவும் போடுவோம். வாங்கச் சொன்னா உடம்பு கூசும். கொடுக்கறது உசத்தி, வாங்கறது தாழ்வுன்னு எங்கயோ படிஞ்சு போச்சு.

மணிமேகலைக் காப்பியத்துல வர்ற அமுதசுரபி எல்லாருக்கும் தெரியும், எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். பள்ளிக்கூடத்துல அதோட நிறுத்திட்டாங்க. அதுல எனக்குப் புடிச்ச ரெண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. மணிமேகலை கைக்கு அது வந்தப்ப காலியாத்தான் வந்துச்சு. முதல்ல ஆதிரைங்கிற பெண் கிட்ட போய்ப் பிச்சை வாங்கினாள். அதுக்கப்புறம்தான் அது ஊருக்கே சோறு போட ஆரம்பிச்சுது. வாங்காத பாத்திரம் கொடுக்கல.

இன்னொண்ணு அதுக்கும் முன்னாடி நடந்தது. மணிமேகலைக்கு முன்னாடி அது ஆபுத்திரன் கிட்ட இருந்தது. மதுரையில பசிச்சவங்களுக்கெல்லாம் போட்டுக்கிட்டு இருந்தான். நாட்டுல மழை பெஞ்சு வளம் வந்ததும் வாங்கறதுக்கு ஆள் இல்ல. சாவக நாட்டுல பஞ்சம்னு கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். வழியில மணிபல்லவத் தீவுல இறங்கினவனை விட்டுட்டுக் கப்பல் போயிடுச்சு. கையில அமுதசுரபி இருக்கு, தீவுல ஆள் இல்ல. தனக்கு மட்டும் சோறு எடுத்துச் சாப்பிட்டு உயிரோட இருந்திருக்கலாம். இருக்கல. பாத்திரத்தைப் பொய்கையில விட்டுட்டு உண்ணாம உயிர விட்டான். முதல் தடவை படிச்சப்ப இது என்ன முட்டாள்தனம்னு தோணுச்சு. இப்பவும் அவன் செஞ்சது முழுக்க சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா கொடுக்கறவனுக்கு வாங்கறவன் எவ்வளவு தேவைன்னு அந்தக் கதையைவிட அழுத்தமா யாரும் சொல்லல. பந்தல்ல கரண்டியோட நிக்கிறவர் "ஒரு வாய் சாமி"ன்னு கெஞ்சறது நடிப்பு இல்ல. நாம வாங்கலைன்னா அவர் மணிபல்லவத்துல நிக்கிறார்.

நம்ம முருகன் கதைக்கே வருவோம். வள்ளி தினைப்புனம் காக்கிறா. தேவசேனாபதி, சூரனை ஜெயிச்சவன், கிழவனா வேஷம் போட்டுக்கிட்டு அவ முன்னாடி வந்து நிக்கிறான். வந்து என்ன கேக்கறான்? பசிக்குதுன்னு சொல்லி சாப்பிட ஏதாவது கேக்கறான். அவ தேனும் தினைமாவும் கொடுக்கறா. வாங்கிச் சாப்பிடறான். அதுக்கப்புறம் தண்ணி வேணும்னு வேற கேக்கறான். காதல் கதைன்னு ரசிச்சுட்டுப் போயிடறோம், ஆனா நம்ம சாமி ஒரு வேடர் வீட்டுப் பொண்ணு கிட்ட கை நீட்டி வாங்கின சாமி. பதிலுக்கு அவன் வெங்காயம் உரிக்கல. பழனியிலயும் பாருங்க. கோவணத்தோட ஆண்டியா நிக்கிறான், அதே சாமிக்கு அதே நாள்ல ராஜ அலங்காரமும் பண்றோம். ஆண்டிக்கோலத்துல இருக்கும்போது அவனுக்குத் தகுதி குறைஞ்சு போச்சுன்னு யாராவது நினைக்கிறோமா? விரும்பி ஆண்டியானதும் வேலை போய் ஆண்டியானதும் ஒண்ணு இல்லதான், அது எனக்குத் தெரியும். இல்லாதவன் கிட்ட போய் எளிமையோட பெருமைய நான் பேச மாட்டேன். நான் சொல்ல வர்றது வாங்கற கையப் பத்தி மட்டும்.

ரெண்டாம் நாள் ராத்திரி உடுமலை தாண்டி ஒரு தென்னந்தோப்புல அடுப்பு மூட்டினோம். என் ரூம்மேட் வழக்கம் போல வெங்காயப் பைய எடுத்தான். குருசாமி அவன் கையில இருந்து வாங்கி, அந்தக் காலேஜ் சாமி கிட்ட கொடுத்தார். "இன்னைக்கு நீங்க சும்மா உக்காருங்க சாமி." விறகு பொறுக்கப் போனான், அதுக்கும் ஆள் போட்டிருந்தார். தண்ணி எடுக்கக் குடத்தைத் தொட்டான், "அட, உக்காருங்கன்னேன்". ஒரு மணி நேரம் அவன் அடுப்புக்கு எதிர்ல சும்மா உக்காந்திருந்தான். சோறு வெந்ததும் அவனுக்குத்தான் முதல் வட்டில். எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம். அவன் கொஞ்ச நேரம் வட்டிலையே பாத்தான். அப்புறம் சாப்பிட்டான். ரெண்டாவது தடவை கேக்கல.

இது சரியான்னு எனக்குக் குருசாமி மேலயே அன்னைக்குக் கோவம். நொந்து போயிருக்கிறவன் கிட்ட மிச்சம் இருந்தது அந்த வெங்காயம் ஒண்ணுதான், அதையும் புடுங்கினா எப்படி? வேலை செஞ்சு சாப்பிடறேன்னு நினைக்கிறது கௌரவம்தானே, கெட்ட குணமா? இன்னைக்கும் இந்த எதிர்வாதத்தை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். உழைக்காம திங்கிறதை நம்ம மக்கள் மதிச்சதே இல்ல, அது ஒரு நல்ல குணம். ஆனா அது எங்க முடியுதுன்னும் பாக்கணும். உழைக்க முடியாத குழந்தைக்கு, படுத்த படுக்கையா இருக்கிற பாட்டிக்கு, வேலை தேடிக் கிடைக்காதவனுக்கு சோறு எந்தக் கணக்குல வரும்? உழைப்புக்குக் கூலி இருக்கலாம். பசிக்கு சோறு வேற கணக்கு. ரெண்டையும் ஒரே டேபிள்ல போட்டா, வேலை இல்லாத நாள்ல மனுஷன் தன்னையே அழிச்சுக்குவான். என் ரூம்மேட் அந்தப் பக்கம்தான் போய்க்கிட்டு இருந்தான். மாசக் கணக்கா நான் பேசியும் முடியாததை, குருசாமி ஒரு வெங்காயப் பையில பண்ணப் பாத்தார்னு பின்னாடிதான் புரிஞ்சுது. அருணகிரிநாதரை முருகன் சும்மா இருக்கச் சொன்னதா நாம கேட்டிருக்கோம். அது பெரிய ஞான விஷயம், அதுக்குள்ள நான் போகல. ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து அடுத்தவங்க ஆக்கின சோத்தைச் சாப்பிடறதே எங்க தலைமுறைக்குப் பெரிய தபஸ்.

அவனே அப்புறம் சொன்னான்: "நாலு நாள்ல நடந்ததுகூட பரவால்லடா. அந்த ஒரு மணி நேரம்தான் முடியல."

அப்ப வாங்கறதே போதும், போசி வேண்டாம்னு ஆயிடுமா? ஆகாது. நாமளும் பாக்கறோமே, பந்தல் தாண்டி பத்தடியில பேப்பர் தட்டுல பாதிப் பொங்கல் கிடக்குது. ஈ மொய்க்குது. கொடுத்தவர் விடிகாலை 2 மணிக்கு அடுப்பு மூட்டியிருப்பார். நாலு இடத்துல வாங்கி நாலு இடத்துல ரெண்டு வாய் தின்னு போட்டுட்டுப் போறவங்க, பெரும்பாலும் நம்ம வயசுக்காரங்கதான், இதைக் கொஞ்சம் கோவமாவே சொல்றேன். ஒரு வேளையாவது கல்லு தேடி, விறகு ஊதி, புகையில கண்ணைக் கசக்கி, 2 கிலோ அரிசி வேகற வரைக்கும் காத்திருந்தவன் அடுத்த நாள் காலையில தட்டைத் தூக்கிப் போட மாட்டான். ஒரு ஆழாக்கு சோத்துக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு நெருப்பு, எவ்வளவு நேரம்னு அவன் கைக்குத் தெரியும். காலேஜ் சாமி கேட்ட கேள்விக்கு என்னோட பதில் இதுதான்: வாங்கறதை ஒழுங்கா வாங்கறதுக்குத்தான் அந்தப் போசி. தட்டும் அப்படித்தான். ஆளுக்கொரு எவர்சில்வர் வட்டில் பையில இருந்தா பேப்பர் தட்டே தேவையில்ல. பந்தல்ல நீட்டினா சந்தோஷமாப் போடறாங்க.

ஈழத்துல யாழ்ப்பாணம் பக்கம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன்னே சொல்வாங்க. கதிர்காமத்துக்குப் போற பாத யாத்திரை அங்க இருந்துதான் கிளம்பும், கிழக்குக் கரையோரமா வாரக் கணக்கா நடை. வழியில ஊர்க்காரங்க சோறு போடுவாங்க. உகந்தை முருகன் கோயிலைத் தாண்டினா குமண, யால காடு. கடை கிடையாது, பந்தல் கிடையாது, யானை உண்டு. அங்க அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் தூக்கிட்டுப் போய் ஆத்தோரத்துல ஆக்கித்தான் சாப்பிடணும். அன்னதானக் கந்தன் கிட்ட கிளம்பி, யாரும் சோறு போடாத காட்டைக் கடந்து கதிர்காமம் போறாங்க. ஒரே யாத்திரையில ரெண்டும் இருக்கு. எங்க குருசாமி அங்க போனதே இல்ல, ஆனா கோயம்புத்தூர் ரோட்டுல அவர் போட்ட சட்டம் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கு.

இனி கொஞ்சம் சிக்கலான விஷயம். பழனி போயிட்டு வந்து மூணாவது மாசம் என் ரூம்மேட்டுக்கு வேலை கிடைச்சுது. யாத்திரைக்கு அப்புறம் வாடகைய நான் கட்ட விட்டிருந்தான், மெஸ் சாப்பாடும் சாப்பிட்டான். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். முதல் சம்பளம் வந்த அன்னைக்கு ராத்திரி என் அக்கவுண்டுக்குப் பணம் வந்துச்சு. மூணு மாச வாடகை, மெஸ் காசு, பால், கேஸ், எல்லாம் ரூபாய் கணக்கு தப்பாம. கூடவே ஒரு மெசேஜ்: "கணக்கு முடிஞ்சுது மச்சி, தேங்க்ஸ்."

அவன் நல்ல மனசோடதான் அனுப்பினான். வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கறது சரிதானே. ஆனா எனக்கு அந்த முதல் ரெண்டு வார்த்தை இன்னைக்கும் உறுத்துது. நான் அதைக் கணக்கா வெக்கலையே. திருப்பி வாங்கினதும் நான் கொடுத்தது கடனா மாறிடுச்சு. பணத்தை வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருந்தா, வாங்கத் தெரியாதவன் நான்னு ஆயிருக்கும். அதனால வெச்சுக்கிட்டேன்.

நாம சாமி கிட்டயும் இதைத்தானே பண்றோம்? நேர்த்திக்கடன்னு சொல்றோம், கடன்கிற வார்த்தையே அதுல இருக்கு. வேலை கொடு முருகா, காவடி எடுக்கறேன். எக்ஸாம் பாஸ் ஆனா மொட்டை. ரிக்வெஸ்ட் அனுப்பி ரெஸ்பான்ஸ் வாங்கற மாதிரி. நான் இதைக் கிண்டல் பண்ணல, நானும் வேண்டிக்கிட்டு நடந்தவன்தான், வேண்டினதை நிறைவேத்தறது வாக்கு சுத்தம். ஆனா காவடி இறக்கி வெச்சதும் "முருகா, கணக்கு முடிஞ்சுது"ன்னு யாராவது சொல்லுவோமா? சொல்ல வாய் வருமா? அடுத்த வருஷமும் நடக்கிறோம், வேண்டுதல் எதுவும் இல்லாமலே. கொடுத்தது தீராதுன்னு தெரிஞ்சுதான் நடக்கிறோம்னு நினைக்கிறேன். மனுஷங்க கிட்ட மட்டும் ஏன் அதைத் தீர்க்கப் பாக்கறோம்?

குருசாமி கிட்ட இந்தப் பணம் வந்த கதையச் சொன்னேன். சிரிச்சார். "பரவால்லீங்க சாமி, திருப்பிக் குடுக்கற தெம்பு வந்துருச்சுன்னு வெச்சுக்கோங்க"ன்னார். அது ஒரு பார்வை. எனக்கு அதுல முழுத் திருப்தி இல்ல, அவருக்கும் இருந்த மாதிரி தெரியல.

2025-லயும் என் ரூம்மேட் வந்தான். காலையில பந்தல்ல வரிசையில நின்னான், முகத்துல இன்னும் அந்தக் கூச்சம் இருந்துச்சு, ஆனா நின்னான். மடத்துக்குளத்துல ராத்திரி ரெண்டு ஆழாக்கு அதிகமாப் போட்டிருந்தோம். அமராவதி ஆத்துப் பக்கமா ஒரு பையன் வந்து தள்ளியே நின்னுட்டு இருந்தான், சைக்கிளையும் போசியையும் பாத்துக்கிட்டு. சாப்பிட வாங்க சாமின்னா, "இல்லங்க, நான் ஏதாவது வேலை செய்யட்டுங்களா?"ன்னு கேட்டான். என் ரூம்மேட்தான் எந்திரிச்சுப் போனான். தன் வட்டிலைக் கழுவி, அதுலயே சோறு போட்டுக் கொண்டு போய்க் கொடுத்துட்டு, அவன் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டான். என்ன பேசினாங்கன்னு எங்களுக்குக் கேக்கல.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!